மங்கிய படங்கள்

பழைய படங்கள் எல்லாம் புதுக் கணினிக்கு மாறி முடிந்ததும், மங்கலான நூற்றுப் பன்னிரண்டு படங்களை அழித்துவிடலாமா என்று திரை கேட்டது. அழிக்குமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பிலோமினா அவற்றைத் திறந்தாள். எல்லாம் அவள் கணவர் அருளப்பன் எடுத்தவை. போன வருடம் அவருடைய கைநடுக்கத்தைப் பார்த்த டாக்டர், எப்போது தொடங்கியது என்று கேட்டார். இரண்டு மாதம் இருக்கும் என்று அவள்தான் பதில் சொன்னாள். ஆனால் படங்கள் நான்கு வருடத்துக்கு முன்பே கலங்கத் தொடங்கியிருந்தன. கடைசியாக இருந்தவை பேரனின் ஞானஸ்நானத்தன்று எடுத்தவை. “ஒரு படமாவது உருப்படியா எடுக்கத் தெரியுதா உங்களுக்கு?” என்று அன்று சம்பந்தி வீட்டார் முன்னால் அவள் கேட்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே கேமராவை மருமகனிடம் கொடுத்தார். பிறகு அதை அவர் தொடவே இல்லை.

கூடத்திலிருந்த அவரைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினாள்.

“அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“கை சொன்ன பேச்சு கேக்கலன்னு தெரியும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“அன்னைக்கு நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்படியே போயிடுச்சு.”

பிலோமினா ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, வழக்கம்போல இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் அந்த இடது கையை மெல்ல விலக்கினாள்.