எக்ஸ்போர்ட் எலாஸ்டிக்

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்ட அப்பா ஆத்தப்பனுக்கு, அவருக்குப் பிடித்த இசைத்தட்டைப் போட்டாலாவது கண் திறக்குமா என்று யுவன் பழைய ரெக்கார்ட் பிளேயர் ஒன்றை வாங்கி வந்தான். முதலில் தேய்ந்த ஊசியை மாற்றினான். பிறகு சுழலும் தட்டைத் தூக்கி, அடியில் இற்றுப்போயிருந்த பெல்ட்டை எடுத்துவிட்டு, தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் ஜட்டி எலாஸ்டிக்கை மாட்டினான்.

“ஏனுங்க, மாமாவோட பாட்டு ஜட்டி எலாஸ்டிக்லயா ஓடோணும்?” என்றாள் மனைவி இந்துமதி.

“எக்ஸ்போர்ட் சரக்கு கண்ணு, அறுவாது.”

பாட்டு ஓடியது. அப்பா கண் திறக்கவில்லை. ஆனால் தட்டின் ஒரு சுற்றுக்கு அவர் மூச்சு உள்ளே போனது, மறு சுற்றுக்கு வெளியே வந்தது. பாட்டு முடிந்து மெஷினை நிறுத்தியதும் மூச்சும் நின்றது. மறுபடி போட்டதும் வந்தது. அதன்பிறகு நிறுத்திப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மத்தியானம் எலாஸ்டிக் தொய்ந்தது. பாட்டு இழுத்தது, மூச்சும் இழுத்தது. பிறகு எலாஸ்டிக் அறுந்தது. யுவன் பாய்ந்துபோய் விரலால் தட்டைச் சுற்றினான். அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது.

இந்துமதி கொடியில் காய்ந்த ஜட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

“இந்தாங்க, சீக்கிரம் மாட்டுங்க!”

மாட்டுவதென்றால் தட்டை நிறுத்தித் தூக்க வேண்டும். யுவன் சுற்றிக்கொண்டே இருந்தான்.

“கிட்ட வந்து உக்காரு கண்ணு,” என்றான். “நீயும் சுத்திப் பழகிக்க.”