ஸ்லீப்பிங் பேக் காணோம்

"தனம், அந்தக் கூடையைத் திற!"

ஸ்ரீநிவாசராகவன் போட்ட சத்தத்தில் தெருவில் நாலு ஜன்னல் திறந்தன. சேலையூரில் கேம்ப் ரோடை ஒட்டிய தெரு அது. ஞாயிற்றுக்கிழமை வேறு. ஜனங்களுக்குப் பொழுது போகாத நேரம்.

வேலைக்காரி தனம் ஒயர் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட் பக்கத்தில் நின்றிருந்தாள். பின்னால் அவருடைய பெரிய வண்டி. கேட்டைவிட அகலம் என்பதால் வாங்கிய நாளிலிருந்து அது தெருவில்தான் குடியிருக்கிறது.

"ஃபோர் வீல் டிரைவ்! மலை, ஆறு, சேறு எதுவும் இதை நிறுத்த முடியாது" என்பார். இதுவரை அதை நிறுத்தியது தாம்பரம் சிக்னல் ஒன்றுதான்.

நேற்று சாயங்காலம்தான் குடும்பத்தோடு கேம்பிங் முடிந்து திரும்பியிருந்தார். இறங்கின உடனே எதிர்வீட்டு ஜலாலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலகிரி காட்டுக்குள்ள ரெண்டு ராத்திரி, ஜலால். கரண்ட் கிடையாது, ஃபேன் கிடையாது. டென்ட்டைப் போட்டோம், படுத்தோம். வாசல்ல கரடி வந்து உறுமித்து! பசங்களுக்குக் கஷ்டம்னா என்னன்னு தெரியணுமோல்லியோ?"

"டயர்ல மண்ணே ஒட்டலையே சார்?"

"அதான் நல்ல டயர்ங்கறது."

இருபது வருஷமாக டயர்க்கடை வைத்திருக்கும் ஜலால், புதுசாக ஒரு விஷயம் தெரிந்துகொண்டவர் மாதிரி தலையாட்டினார்.

இன்று காலை சாமான்களைச் சரிபார்த்தபோது, உள்ளே புகுந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக் ஒன்று குறைந்தது. அமெரிக்காவிலிருந்து மச்சினர் கொண்டுவந்து கொடுத்தது. சுருட்டினால் தலையணை அளவுதான் இருக்கும். வேலை முடித்துக் கிளம்பிய தனத்தின் கூடையும் சரியாக அந்த அளவுக்கே புடைத்திருந்தது.

"இன்னா சார், நான் போயி எட்துனு போவேனா? எட்டு வருசமா இந்த வூட்ல வேலை செய்றேன். ஒரு ஸ்பூன் காணாம பூட்டுதா?"

"அப்போ திறந்து காட்டறதுல உனக்கென்ன கஷ்டம்?"

"இங்க வாணாம் சார். உள்ள வந்து அக்காகிட்ட காட்டறேன்."

"ஏன், தெருவுக்குத் தெரியக்கூடாதோ?"

"ஆமா சார். தெரியக் கூடாது."

இதற்கு மேல் என்ன ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும்? மாடியிலிருந்து ஒருவர் 'அதானே பார்த்தேன்' என்றார். அவர் என்ன பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"கூடையிலேர்ந்து தண்ணி சொட்டறது பாருங்கோ, தோய்ச்சு வேற எடுத்துண்டு போறா!" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

"சார், உள்ளே போய்ப் பேசிக்கலாமே" என்றார் ஜலால். "பாவம், பொம்பளை."

"திருட்டுன்னு வந்தா எனக்குப் பாவ புண்ணியமே கிடையாது, ஜலால். ஒரு குண்டூசியானாலும் அடுத்தவா சொத்து அடுத்தவா சொத்துதான். என் பசங்களுக்கு அதைச் சொல்லித்தான் வளர்க்கறேன்."

தனத்துக்கு இந்தத் தெருவில் மட்டும் அஞ்சு வீடு. திருடி என்று பேர் ஒட்டிக்கொண்டால் அஞ்சும் போய்விடும். அது அவளுக்கும் தெரியும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் கூடையை மட்டும் விடவில்லை.

சத்தம் கேட்டு ரமா வெளியே வந்தாள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "வா தனம்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் ஸ்ரீநிவாசராகவன், வேலைக்காரர்களை நம்புவதால் வரும் கேடுகள் பற்றித் தெருவுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றி முடித்தார்.

ரமா கூடையோடு வந்தாள். பின்னாலேயே, "வாணாம்க்கா, வாணாம்க்கா" என்று தனம்.

"என்ன ரமா, கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"பார்த்தேளா ஜலால்!"

ரமா கூடைக்குள் கையை விட்டு, ஈரமாக இருந்த இரண்டு வெள்ளை டவல்களை எடுத்தாள். உதறினாள். வண்டியின் பானெட் மேல் நன்றாக விரித்துப் போட்டாள்.

சிவப்பு எழுத்தில், மாடியில் நிற்பவருக்கும் தெரிகிற அளவில் இருந்தது: 'பசுஞ்சோலை டீலக்ஸ் லாட்ஜ், ஏலகிரி. ஏ.சி. அறை.'

தெருவே ஒருமுறை படித்தது. பிறகு இன்னொரு முறை படித்தது.

"ரூம் வாடகை கொடுத்திருக்கோமேன்னு நீங்க பெட்டியில திணிச்சுண்டு வந்த டவல்தான் இது" என்றாள் ரமா. "அழுக்குத் துணியோட சேர்ந்து தோய்க்கப் போயிடுத்து. உங்க ஸ்லீப்பிங் பேக் அந்த ரூம் அலமாரியில, மேல் தட்டுல இருக்கு. நான்தான் வச்சேன். மறந்துட்டேன்."

ஸ்ரீநிவாசராகவன் அவசரமாக டவல்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கரடி உறுமியபோதுகூட அவர் இவ்வளவு பயந்ததாகச் சொல்லவில்லை.

ஜலாலுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"ஏம்மா தனம், இதை எங்கே எடுத்துட்டுப் போனே?"

"எங்க வூட்டுக்குத்தான் சார். காயவச்சு நாளைக்கு எட்தாந்து குடுக்கலாம்னு. இங்க மாடில போட்டா லாட்ஜ் பேரு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்ல? சார் காட்டுல படுத்தேன்னு சொல்லிகினு கீறாரு."

"அதுக்காக இத்தனை பேர் உன்னைத் திருடின்னு சொல்றப்ப வாயை மூடிக்கிட்டு நிப்பியா? கூடையைத் திறந்து காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே!"

தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்பேரு கெட்டா நான் வேற தெருவுல அஞ்சு வூடு பாத்துக்குவேன் சார். அவுரு இங்கியேதான குடியிருக்கணும்?"