சொந்தப் புத்தி

காலையிலேயே செருப்பு அறுந்துபோய் மீனாட்சிபுரத்தில் வெறுங்காலோடு அலைந்த ஆறுச்சாமி, பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு வந்தபோது, சைனுதீனின் பூட்டிய கடை முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"என்னத்துக்கு நிக்கறீங்க?" என்று கடைசி ஆளைக் கேட்டார்.

"மண்ணெண்ணெய்னு பேசிக்கறாங்க."

"ஆரு சொன்னா?"

"சும்மாவாங்க இத்தன பேரு நிப்பாங்க?"

"சொந்தப் புத்தி வேண்டாமாடா? தலை இருக்கறது முண்டாசு கட்டறதுக்கு மட்டுந்தானா?"

பஸ் வந்தது. வீட்டில் மாடு கன்று ஈனும் நேரம். அடுத்த பஸ் சாயங்காலம்தான். படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். வரிசை இன்னும் நீண்டிருந்தது. இத்தனை பேருமா முட்டாள்? வீட்டு விளக்கிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. இறங்கிப் போய்க் கடைசியில் நின்றார். பஸ் போய்விட்டது.

மூன்று மணிக்குச் சைனுதீன் வந்தார். "கடையில சரக்கே இல்லீங்களே! எதுக்கு இந்தக் கூட்டம்?"

முதலில் நின்றவன் கடைப்படியைக் காட்டினான். "ஆரோ செருப்பப் போட்டு எடம் புடிச்சிருந்தாங்க. அதப் பாத்துத்தானுங்க நானும் நின்னேன்."

"எந்த மடையன்டா அவன்?" என்று ஆறுச்சாமி முன்னால் பாய்ந்தார்.

படியில் ஒரு ஜோடி டயர் செருப்பு கிடந்தது. ஒன்றில் வார் அறுந்திருந்தது. காலையில் எரிச்சலில் அதை எங்கே கழற்றி வீசினோம் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"ஆருதுன்னு தெரியுதுங்களா?" என்றார் சைனுதீன்.

"எவனோ புத்தி கெட்டவன்" என்று சொல்லி, ஆறுச்சாமி இரண்டு கால்களையும் மெல்லப் புழுதிக்குள் புதைத்துக்கொண்டார்.