ஒரு துண்டு கட்லா

அடுத்த வீட்டுக் குப்பையைக்கூட விட்டுவைக்காத கண் ஜெபக்கனிக்கு என்று ஊரே சிரிக்கும். குளம் நிறையக் கட்லா வளர்க்கும் தங்கசாமி வீட்டுக் குப்பையில் கடல்மீன் சீலாவின் முள்தான் கிடக்கிறது என்பதைக் கண்டுபிடித்ததும் அந்தக் கண்தான். குளத்தை ஒட்டிப் பழைய பேட்டரி உருக்கும் கொட்டகை. அவள் சமைக்கும் மாணவிகள் விடுதிக்கோ நாளை முதல் அந்தக் குளத்து மீன். விடுவாளா? ஒரு கட்லாவைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அளவுக்கு மேல் ஈயம் என்று தாள் வந்தது.

“தாளாம் தாளு! கோட்டிக்காரி பேச்சையா கேக்கீய?” என்று விடுதி வாசலில் வார்டனம்மாவிடம் எகிறினார் தங்கசாமி.

ஜெபக்கனி சமையற்கட்டுக்குள் போனாள். அவர் குளத்து மீனையே பொரித்து வாழையிலையில் நீட்டினாள்.

“ஒரு வாய் தின்னுங்க அண்ணாச்சி. நாளைக்கே பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுதேன்.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மனிதருக்கு வீம்பு. துண்டை எடுத்தார். மிளகாய் எண்ணெய் விரலில் வழிந்து முழங்கை வரை இறங்கியது. உதட்டருகே கொண்டுபோனபோது, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி அலறினாள்.

“ஏங்க, வாயில வச்சிராதீங்க!”

வார்டனம்மா மீன் ஆர்டரை நாலாகக் கிழித்தார். ஜெபக்கனி மட்டும் நீட்டிய இலையைத் தாழ்த்தவேயில்லை.