மூன்றாவது டேங்கர்

"டாக்டரம்மா, என் பிள்ளைங்க பொழைச்சாங்களா?"

டேங்கர் ஓட்டுநர் தாஷ்தான், தொப்பியில் ஒட்டிய பனியைத் தட்டியபடி ஆய்வுக்கூட வாசலில் நின்றான்.

"இப்பத்தானே வந்து இறங்கியிருக்காங்க! போய் சூடா போர்சோக் ரொட்டி சாப்பிடுங்க, கூப்பிடுறேன்," என்றாள் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெர்மெட்.

தோலோன் கணவாய்க்கு அப்பால் இருந்த அந்தச் சிறு நகரத்தில், சாக்கடை நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் குளிரில் செத்துப்போயிருந்தன; தாஷ்தானின் 'பிள்ளைங்க' அவைதான். மறுபடி பெருக்க, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து உயிருள்ள சேறு வர வேண்டும். முதல் இரண்டு டேங்கரும் கணவாய்ப் பனியில் சிக்கி, காற்றில்லாமல் செத்த சேறாகவே வந்து சேர்ந்தன. எல்லோரும் வருந்தினார்கள். பெர்மெட் மட்டும் உள்ளுக்குள் மகிழ்ந்தாள். செத்தால்தானே தாஷ்தான் மறுபடி வருவான்!

சேற்றைப் பாட்டிலில் அடைத்து ஆக்சிஜன் மானியைச் செருகினாள். உயிர் இருந்தால் ஆக்சிஜனைத் தின்னும், முள் இறங்கும்.

முள் இறங்கியது. மளமளவென்று இறங்கியது.

இனி டேங்கர் வராது.

பக்கத்தில் இன்னொரு பாட்டில் இருந்தது. மானி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் சேற்றைக் கொதிக்க வைத்து எடுத்து வைப்பது வழக்கம். அதில் எதுவும் மூச்சு விடாது. மானியைப் பிடுங்கி அதில் செருகிவிட்டு, அவனைக் கூப்பிட்டாள்.

தாஷ்தான் குனிந்து பார்த்தான். முள் அசையவில்லை.

"வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சேத்துக்குக் காத்து அடிச்சேனே... கையெல்லாம் விறைச்சுப் போச்சு."

"என்ன செய்ய? அடுத்த வாரம் இன்னொரு லோடு கொண்டு வாங்க," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவன் விறைத்த கைகளைத் தேய்த்துக்கொண்டான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் ஜன்னலோரம் நின்றாள். அடுத்த வாரம் எந்தச் சால்வையைப் போடலாம் என்று யோசித்தாள்.

எல்லோரும் 'பைகே', அண்ணன், என்று அழைக்கும் மேலாளர் ஒமூர்பெக் உள்ளே வந்தார். "இதுவும் செத்துப்போச்சாமே?"

"ஆமா பைகே. அடுத்த லோடு கொண்டு வருவார்ல?"

"வேற டிரைவர்தான் வருவான். இவன் ரஷ்யாவுக்கு வேலை தேடிக் கிளம்பிட்டான்மா. இந்தச் சேறு உயிரோட இருந்து நிலையம் ஓடினா, எனக்கு இங்கயே ஒரு வேலை போட்டுக் குடுங்கன்னு கெஞ்சிக்கிட்டிருந்தான். பனியும் நாத்தமும் தவிர இந்த ஊர்ல என்னடா இருக்குன்னு கேட்டேன். 'பெர்மெட் இருக்காளே பைகே'ன்னான்."