நெட்ஸ்கேப்பில் வந்த தமிழ்

"சின்யோராவின்ரை கொம்பியூட்டரிலை நீ கை வைச்சனியோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

செலஸ்ரீனா மகனை அந்தோனியார் படத்துக்கு நேரே நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"வைச்சனான். எல்லாச் சனிக்கிழமையும் வைக்கிறனான். அவதானே இருந்து பார் எண்டு சொல்லுறவ. ஆனால் ஒண்டையும் மாத்தேல்லை அம்மா."

றொனிக்கு இருபத்து நாலு வயது. இத்தாலியில், மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ரெஸ்ரோரண்டில் வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும், தாய் துப்புரவு வேலை செய்யும் வீட்டுக்குத் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை மூன்று மாடி தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பான். வீட்டுக்காரச் சின்யோரா, ஓய்வுபெற்ற இத்தாலிய ரீச்சர், அதற்குப் பதிலாகத் தன் கொம்பியூட்டரில் அரை மணித்தியாலம் இன்ரநெற் பார்க்க விடுவா.

புதன்கிழமை செலஸ்ரீனா தூசி துடைக்கப் போனபோது, சின்யோரா திரைக்கு முன்னால் தலையில் கை வைத்தபடி இருந்தா. அவ நாள்தோறும் வாசிக்கிற இத்தாலியப் பேப்பர் முழுவதும் தமிழ் எழுத்து. எழுத்துத்தான் தமிழ், ஒரு சொல்லும் வாயில் நுழையவில்லை.

செலஸ்ரீனாவைக் கண்டதும் சின்யோரா அவசரமாகத் திரையை அணைத்தா. முகம் சிவந்து போயிருந்தது. சனிக்கிழமை றொனியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னா.

திங்கட்கிழமை செலஸ்ரீனா தன் பெர்மெசோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்குப் போகவேண்டும். இவள் என் வீட்டில்தான் வேலை செய்கிறாள் என்று சின்யோரா கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும். வெள்ளிக்கிழமையும் முடிந்துவிட்டது. கடிதம் வரவில்லை.

"அந்த வீட்டுக்கை போய்வாற ஆக்களிலை தமிழ் எழுத்துத் தெரிஞ்சது ஆர்? நானும் நீயும். பேய் வந்தோ மாத்தினது?" என்று கேட்டாள். "போன மாசம் கபோவிலை உன்ரை சிநேகிதன் கஜானன் வீட்டிலையும் நீ இதே வேலைதானே பாத்தனி. அந்தப் பெடியன் ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கொண்டு திரிஞ்சவன்."

அது உண்மைதான். கஜானனும் றொனியும் சந்தித்தால் இந்தச் சண்டைதான். இன்ரநெற் பாக்க நெட்ஸ்கேப்தான் நல்லது, படங்களை நிப்பாட்டி வைத்தால் பக்கம் கெதியாய் வரும், வேணுமெண்டால் ஒரு பட்டனில் படத்தை எடுக்கலாம் என்பான் றொனி. எக்ஸ்புளோரரில் முந்தநாள் பார்த்ததெல்லாம் ஓரத்தில் நிரையாய் நிக்கும், உன்ரை நெட்ஸ்கேப் உதுக்குக் கிட்டவும் வராது என்பான் கஜானன்.

றொனி பொறுமையாய் விளங்கப்படுத்தினான். தமிழ்ப் பக்கங்கள் விளங்காத ஆங்கில எழுத்தாய்த்தான் திரையில் வரும். எல்லாத்துக்கும் தமிழ் எழுத்தையே போடு என்று சொல்லிவிட்டால் தமிழ் சரியாய் வரும், இத்தாலியன் கெட்டுப்போகும். ஆனால் நெட்ஸ்கேப்பில் மாத்தினது எக்ஸ்புளோரரில் மாறாது.

"சின்யோரா பாக்கிறது நெட்ஸ்கேப் மட்டும். மிலானிலை இருக்கிற மகன் அவவுக்கு அதைத்தான் பழக்கினவர். மற்றது சும்மா கிடக்குது. எனக்குத் தமிழ் வேணுமெண்டால் அதிலையெல்லோ மாத்தியிருப்பன், ஏன் அவ பாக்கிறதைக் கெடுக்கிறன்?"

செலஸ்ரீனாவுக்கு அது ஒன்றும் ஏறவில்லை. ஏறினதெல்லாம் சின்யோராவின் சிவந்த முகம்தான்.

சனிக்கிழமை காலை, அல்பெர்கேரியாச் சந்தைக்குள்ளால் நடக்கும்போது அவள் கைப்பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது மாடிக்கு ஏறும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பொய்தான். நாளைக்குப் பூசைக்கு முன்னம் பங்குச் சுவாமியாரிடம் சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்கலாம்.

கதவு திறந்ததும் இத்தாலியனில் தொடங்கிவிட்டாள்.

"நான்தான் சின்யோரா. தூசி துடைக்கேக்கை எங்கையோ அமத்திப்போட்டன். பிள்ளைக்கு இதிலை ஒரு சம்பந்தமும் இல்லை."

தண்ணீர்ப் பெட்டியை இறக்கின றொனி அப்படியே நின்றான். அம்மாவுக்குக் கொம்பியூட்டரைப் போடவே தெரியாது.

"அம்மா இல்லை, சின்யோரா," என்றான். "நான்தான் மாத்தினனான்."

சின்யோரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்துச் செலஸ்ரீனாவின் கையில் வைத்தா. குவெஸ்தூராவுக்கான கடிதம். கையெழுத்தும் இருந்தது.

அதே லாச்சிக்குள் ஒரு பிளொப்பி டிஸ்க்கும் கிடந்தது. அதன்மேல் "தமிழ் எழுத்து" என்று எழுதியிருந்தது. பங்குக் கோவிலில் தமிழ்ப் பூசைத் தாளைக் கொம்பியூட்டரில் அடிக்கிற அகஸ்ரீனாவின் உருண்டைக் கையெழுத்து அது. செலஸ்ரீனா பார்த்ததுமே கண்டுகொண்டாள்.

"நான் செய்த பிழைக்கு நீங்கள் ரெண்டு பேரும் ஏன் பாவசங்கீர்த்தனம் செய்யிறியள்?" என்று கேட்ட சின்யோராவின் முகம் திரும்பவும் சிவந்தது. அது வெட்கம் என்பது செலஸ்ரீனாவுக்கு இப்போதுதான் விளங்கியது. "மூண்டு கிழமைப் பழைய தமிழ்ப் பேப்பரை நீ அயன் பண்ணுற மேசையிலை விரிச்சு விரிச்சு வாசிப்பாய். வாற செவ்வாய்க்கிழமை உன்ரை பெயர்கொண்ட புனிதரின் திருநாளெல்லே. அண்டைக்கு உனக்கு அண்டைய பேப்பரைத் திரையிலை காட்டலாமெண்டு அகஸ்ரீனாவிட்டை இந்த டிஸ்க்கை வாங்கி, தெரியாத வேலையிலை கை வைச்சன்."

செலஸ்ரீனா கடித உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மகனின் தோளைத் தடவினாள்.

சின்யோரா கதிரையை இழுத்து றொனிக்கு முன்னால் போட்டா.

"என்ரை இத்தாலியனைத் திருப்பித் தா, தம்பி. ஆனால் அவவின்ரை தமிழை மட்டும் அழிச்சுப்போடாதை."