வெள்ளையம்மாவின் ஜெபக் குறிப்பு

ஐயரம்மா நீல நிற விமானத் தபாலைப் பிரித்ததும் தேவாலயத்தில் ஈக்கள்கூடப் பறப்பதை நிறுத்திவிட்டன.

ஐயரம்மா எங்கள் போதகரின் மனைவி, ஓசூர்த் தாய்மார் சங்கத்தின் தலைவி. அன்று அறுப்பின் பண்டிகை. அதனால் ஆண்கள் நாங்களும் வந்து, பூசணிக்காய்களுக்கும் ராகி மூட்டைகளுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம்.

சங்கத்துப் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, இல்லாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஐம்பத்து மூன்றில் சீமையில் கடல் ஊருக்குள் புகுந்தது என்று கேள்விப்பட்டு, கிருஷ்ணகிரிச் சந்தையில் கம்பளி வாங்கிக் கப்பலேற்றினார்கள்.

முந்நூறு கம்பளி.

சரி, முப்பது.

அதிலிருந்து அங்கே ஒரு கடலோர ஊர்த் தாய்மார் சங்கத்துக்கும் இவர்களுக்கும் உறவு. மாதா மாதம் ஜெபக் குறிப்பு போகும், வரும். இங்கே யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று எழுதினால், அங்கே அவர்கள் பெயர் சொல்லி முழங்கால் போட்டு ஜெபிப்பார்கள். அங்கே ஒருத்திக்கு மூட்டுவலி என்றால் இங்கே இவர்கள் முழங்கால் போடுவார்கள்.

வினை அதில்தான் பிடித்தது.

சரோஜம்மாளின் புருஷன் திம்மப்பன் குடிகாரன். நம் பக்கம் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் மைசூர் ராஜ்ஜியம், அத்திப்பள்ளியில் கடை திறந்தே கிடக்கும். அந்தக் கஷ்டம் சீமைக்குப் போயிற்று.

ஒரு வருஷமாக, வருகிற கடிதத்திலெல்லாம் சரோஜம்மாள் பெயர். போன மார்கழியில் அவளுக்கென்று ஒரு ரோஸ் சால்வையே வந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா தன் கையால் பின்னியது. சித்திரை வெயிலில் வேர்வை வாய்க்காலாக ஓடியபோதும் சரோஜம்மாள் அதைக் கழற்றவில்லை. கூட்டத்தில் அவளுக்கு முன்வரிசைப் பாய் வேறு.

என் மனைவி வெள்ளையம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் கஷ்டம் என்று எழுத ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் ஐந்தும் கன்றுக்குட்டிகள் மாதிரி. எனக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் உத்தியோகம். என் அம்மாகூட மருமகளை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். இதற்கெல்லாம் யார் முழங்கால் போடுவார்கள்?

"அவ பேரு கடல் தாண்டிப் போவுது. என் பேரு சந்தையத் தாண்டல" என்று ஒருநாள் குழம்பை ஊற்றிக்கொண்டே புலம்பினாள். "உங்களுக்கு ஒரு குடிப்பழக்கம்கூட இல்ல. என்னா மனுசனோ!"

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

இப்போது ஐயரம்மா கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னார். "உங்கள் சபையின் வெள்ளையம்மாவுடைய கணவர் முனிவேல் குடியை விட வேண்டும் என்று, இரண்டு மாதமாகப் புதன்தோறும் நாற்பத்து மூன்று பேர் முழங்காலில் நிற்கிறோம். மாற்றம் ஏதும் தெரிகிறதா?"

முனிவேல் நான்தான்.

இவளாகப் போய் ஜெபக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

நூறு தலைகள் என் பக்கம் திரும்பின. பூசணிக்காய்கள்கூடத் திரும்பின என்றுதான் சொல்வேன்.

"யாரு, முனிவேல் அண்ணனா?" என்றாள் சரோஜம்மாள், முன்வரிசைப் பாயிலிருந்து சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு. "அவரு பச்சத்தண்ணியக்கூட வெள்ளையம்மாவக் கேட்டுத்தான குடிப்பாரு!"

சிரிப்பு எழுந்தது. வெள்ளையம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் தொட்டதே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பொய்க்காரி. சங்கத்திலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், அதுவும் சரோஜம்மாள் கண்ணெதிரே.

"சொல்லுங்க முனிவேல்" என்றார் ஐயரம்மா. "அவங்களுக்கு நான் பதில் எழுதணும்."

எழுந்து நின்றேன்.

"குடிச்சிட்டுத்தான் இருந்தேனுங்க, ஐயரம்மா. இன்னியோட விட்டுட்டேன்."

'ஸ்தோத்திரம்!' என்று எழும்பிய சத்தத்தில் ஓசூர் மலைமேலிருந்த குரங்குகளெல்லாம் பெங்களூர் ரோட்டில் ஓடின. போதகர் என்னைக் கட்டிக்கொண்டார். சீமைக்கு அன்றே தந்தி கொடுக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். வெள்ளையம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் முன்வரிசைப் பாயில் உட்கார வைத்தார்கள்.

ஒரு வருஷ ஜெபத்துக்கு அசையாத திம்மப்பன் எங்கே, இரண்டே மாதத்தில் கரைந்த நான் எங்கே! சரோஜம்மாளின் முகம் அடுப்பில் மறந்துவிட்ட கத்தரிக்காய் மாதிரி சுருங்கிவிட்டது. சால்வை தோளிலிருந்து நழுவியது. அவள் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, நடுத்தெருவில் வெள்ளையம்மா என் கையைப் பிடித்தாள்.

"என் மானத்துக்காவ, சாமி சன்னிதியில, இம்மாம் பெரிய பொய்யா சொன்னீங்க?"

அவள் கண் நிறைந்திருந்தது. அன்று மத்தியானம் என் தட்டில் மட்டும் இரண்டு முட்டை.

திம்மப்பன்தான் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்திப்பள்ளிக் கடைப் பலகையில் இனி அவன் தனியாக அல்லவா உட்கார வேண்டும்?